கோட்டில் உடைத்த தேங்காய்

போன வாரம் நான் நம் ரேஸ் ஷெட்டுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, ஸ்டார்ட்டிங் கோட்டுல நின்னு கெளம்பும்போது எத்தன ஆர்பிஎம் வெக்கணுங்க?” கையில் போனை வைத்துக்கொண்டு, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று நான் சொல்லப்போகும் எண்ணைக் குறித்துக்கொள்ளத் தயாராக நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத ரோட்டக் கேளுங்க சாமி, என்னையக் கேட்டா?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பாவம், அவர் முகம் சுருங்கிப் போனது. அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நடந்ததற்கு இன்றைக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறேன். போனை உள்ளே வையுங்கள்.

முதுகு அடியோடு மக்கர் பண்ண ஆரம்பித்ததால் போன வருஷம் ஓட்டுவதை விட்டேன். அதுவரை நம் ஷெட்டின் சிவப்பு வண்டி என் கையில்தான் இருந்தது. டிராக் ரேஸ் என்றால் என்ன என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்: இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரியும், நேரான ரோட்டில் யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். “அட, நேரா மிதிச்சா முடிஞ்சுது. இதுக்கா ஹெல்மெட்டு?” என்பார்கள். என் மாமியார் வீட்டில் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் விட்டுவிட்டேன்.

மிதிப்பதில் ஒன்றும் இல்லைதான். நின்ற வண்டியை நகர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. கியர் போட்டு ஓட்டும் வண்டியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நம் இடது கால் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை அடக்கி வைத்துக் கிளட்சை விட்டால், வண்டி இருமிக்கொண்டு அமுங்கிவிடும். அலறவிட்டுக் கிளட்சை விட்டால், பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் காலையில் ஒரு மாதிரி இருக்கும், மத்தியான வெயிலில் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் ரோட்டைக் கேட்கச் சொன்னேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஷெட்டை நடத்தும் பாய். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. என்னைவிட எட்டு வயது சின்னவர். குடும்பமே இளம்பிள்ளைச் சேலைகளை வாங்கி விற்கும் சேலத்துக் குடும்பம், இவர் மட்டும் கிளட்ச் பிளேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார். தற்பெருமை என்றால் அப்படி ஒரு தற்பெருமை! “இந்த ஜில்லாவுல கிளட்ச்ச காதால கேக்குற ஆளு நான் ஒருத்தன்தான்க்கா” என்று முதல் நாளே சொன்னார். நானும் விடவில்லை. “நான் ஏழு வயசுல லாரி ஸ்டீயரிங்ல உக்காந்தவ பாய்” என்றேன். பொய் இல்லை. திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் லாரி ஓடியது. பட்டறையில் காலி லாரியை நகர்த்தித்தான் நான் வண்டி பழகினேன்.

அங்கேதான் வந்தது வினை. லாரிக்காரர்கள் காலி வண்டியை முதல் கியரில் எடுக்க மாட்டார்கள். முதல் கியர் லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதுதான். மற்றபடி எடுப்பதே இரண்டாவது கியரில்தான். எனக்கும் கை அப்படியே பழகிக் கிடந்தது. சிவப்பு வண்டியில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்து, பாய் கையைக் காட்டியதும், என் கை என்னைக் கேட்காமலே இரண்டாவது கியரைப் போட்டது. அத்தனை குதிரை சக்தியுள்ள ஸ்போர்ட்ஸ் கார், கல்யாண மண்டபத்திலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்புவது போல முனகிக்கொண்டு நகர்ந்தது.

பாய் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். “அக்கா, பின்னாடி ஜவ்வரிசி மூட்ட ஏதும் ஏத்தியிருக்கா? எறக்கிட்டுப் போலாமா?”

ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ‘செகண்ட் அக்கா’ என்று பெயர். கியர் தண்டின் தலையில் இரண்டு என்று போட்டிருந்த எண்ணின் மேல் பாய் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவைத்தார். நான் கொடுத்த பொட்டு அட்டையிலிருந்தே எடுத்தது! அதைப் பார்த்துப் பார்த்து, கையைத் திட்டித் திட்டி, ஒருவழியாக அந்தப் பழக்கத்தை விட்டொழித்தேன்.

இப்போது வண்டியின் முதலாளியிடம் வருவோம். உங்களுக்கு அவர் சிரிக்கிற முதலாளி. அப்போது அப்படி இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர், மிஷின்களை ஒடிசா வரைக்கும் அனுப்புகிறவர். ஆசைப்பட்டு இந்தக் காரை வாங்கிப் பாயிடம் விட்டார். பாதி தூரம் தாண்டிவிட்டால் நம் வண்டியைப் பிடிக்க அந்த நாளில் எவனும் இல்லை. தொல்லையெல்லாம் அந்தப் பாதி தூரத்துக்கு முன்னால்தான். முதல் பந்தயத்தில் கோட்டிலேயே அமுங்கி நின்றுபோனோம். இரண்டாவதில் நின்ற இடத்தில் சக்கரம் சுற்றி, கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி புகை போட்டோம். இரண்டு தடவையும் ஷெட்டில் வைத்தே ஓர் எண்ணை முடிவு பண்ணிக்கொண்டு போயிருந்தோம்.

இரண்டாவது பந்தயம் முடிந்து முதலாளி ஷெட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏனுங்க அம்மிணி, நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த பந்தயத்துலயும் கோட்டுல இப்படி அசிங்கப்பட்டமுன்னா, இத வித்துப்போட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிப்போடலாமுங்க. பட்டன அமுக்குனா அதுவே வெசையாக் கெளம்பிருமாமா. யாரு வேணா ஓட்டலாமாமா.”

யாரு வேணா ஓட்டலாம். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. நாற்பதைத் தாண்டிய, முதுகுவலிக்காரியான எனக்கு வேறு யார் கூப்பிட்டு சீட் கொடுக்கப் போகிறார்கள்? அந்த சீட் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு இரவு வீட்டுக்காரரிடம் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. சின்னக் குழந்தை பொம்மைக்கு அழுவது போல அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது அப்படி ஓர் அழுகை வந்தால் நீங்கள் இந்தத் தொழிலுக்குச் சரியான ஆள்.

மூன்றாவது பந்தயம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில், முறையாக அனுமதி வாங்கி நடத்தியது. இந்தத் தடவை எண் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. காலையில் போனதும் பாயும் நானும் கோட்டில் குனிந்து கையை வைத்துப் பார்த்தோம். டயர் ஒட்டிப் பிடிப்பதற்காகப் பிசின் தெளித்து ரப்பர் தேய்த்திருந்தார்கள். கறுப்பாக, செருப்பைப் பிடுங்கும் அளவுக்கு ஒட்டியது. “மாஷா அல்லா, பிரியாணிச் சட்டி அடி மாதிரி புடிக்குது” என்றார் பாய். அன்றைய முதல் ஓட்டத்தில் சுத்தமாகக் கிளம்பினோம். அடுத்ததிலும் அப்படியே. சாப்பாட்டு இடைவேளைக்குள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

முதலாளிக்கு எங்களைவிடச் சந்தோஷம். சந்தோஷம் வந்தால் மனிதர் சும்மா இருப்பாரா?

ரிக் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நீரோட்டம் பார்த்து அடையாளம் வைக்கும் இடத்தை அவர்கள் பாயிண்ட் என்பார்கள். பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் பிழிந்து, சூடம் காட்டிய பிறகுதான் ரிக் வண்டி பின்பக்கமாக வந்து அந்த இடத்தில் நிற்கும். பூஜை போடாத பாயிண்ட்டில் எங்கள் முதலாளி மிஷினை இறக்கியதே கிடையாது. அன்றைக்கு இறுதிப் போட்டி. நம் வண்டியின் பின் சக்கரம் நிற்கும் இடம் அவர் கண்ணுக்குப் பாயிண்ட்டாகத் தெரிந்துவிட்டது.

அந்த ஓடுதளத்தில் புழுதி அடக்கத் தண்ணீர் லாரி கொடுத்தவரே அவர்தான். காவலுக்கு நின்றவர் அவரைத் தடுப்பாரா? எல்லோரும் பந்தலில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தன் லாரியையும் ஆளையும் கூட்டிக்கொண்டு கோட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே பார்த்தால் பாயிண்ட் ஒரே கறுப்பு, ஒரே பிசுக்கு. “சாமி கும்புடற எடம் இப்படியா இருக்கறது” என்று சோப்புத் தூளைப் போட்டு, இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று கழுவிவிட்டுத்தான் தேங்காயை உடைத்திருக்கிறார்!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நடத்துகிறவர்கள் ஓடிவந்தார்கள், கத்தினார்கள், சில்லைப் பொறுக்கினார்கள், சோப்பு போக அலசித் துடைத்துக் காயவைத்தார்கள். ஆனால் அந்த இடத்தில் பிசின் போனது போனதுதான். திரும்பத் தெளிக்க அவர்களிடம் சரக்கு இல்லை. சரியாக நம் பின் சக்கரங்கள் நிற்கும் இடத்தில் மட்டும், மொழுமொழுவென்று வெறும் தரை. இறுதிப் போட்டியில் எனக்கு எதிராக, பக்கத்து வழியில் நிற்கப்போகும் கோயம்புத்தூர்க்காரருக்குப் பிசின் எல்லாம் அப்படியே இருந்தது. அவர் நல்ல மனுஷன், “வேணும்னா மாத்திக்கலாமுங்க” என்றார். நடத்துகிறவர்கள் ஒப்பவில்லை. உங்கள் ஆள் செய்த வேலை, ஓடினால் இந்த வழியில் ஓடுங்கள், இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

முதலாளி வேப்ப மரத்தடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நல்லதுக்குத்தானுங்க அம்மிணி செஞ்சேன்” என்றார். அந்தக் குரலைக் கேட்டால் திட்டவும் முடியவில்லை.

“கம்முனு இருங்க, பாத்துக்கலாம்” என்றேன். என்னத்தைப் பார்ப்பது?

பாய் டயரில் காற்றைக் குறைத்தார். டயர் சூடாக்கச் சக்கரத்தைச் சுற்றவிட்டபோது எழும்பிய புகையில் தேங்காய் வறுத்த வாசம் வந்தது. தரை இடுக்கில் ஏதோ சில்லு மிஞ்சியிருந்திருக்க வேண்டும். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோட்டுப் பக்கம் மெதுவாக ஒரு தடவை வண்டியை நகர்த்திப் பார்த்தேன். முதல் கியரில் லேசாக மிதித்ததற்கே பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கியது. சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கோட்டில் வண்டியை நிறுத்திவிட்டேன். பாய் எதிரே நின்று, கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுகிறார், எஞ்சினைக் குறை, இன்னும் குறை என்று. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் குறைத்தால் அமுங்கும். அமுங்கினால் முதல் பந்தயம். குறைக்காவிட்டால் சுற்றும். சுற்றினால் இரண்டாவது பந்தயம். இரண்டில் எது நடந்தாலும் நாளைக்கு என் சீட்டில் ஒரு பட்டன் உட்கார்ந்திருக்கும். இடத்தைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள்.

அப்போது எனக்கு எங்கள் பட்டறை ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் அங்கே சேறாகிவிடும். புதிதாக வந்த டிரைவர் யாராவது முதல் கியரில் எடுத்துச் சக்கரத்தைச் சேற்றில் தோண்டவிட்டால், பழைய டிரைவர்கள் கத்துவார்கள்: “மொதல்ல போட்டா தோண்டுந்தாண்டா, ரெண்டுல போட்டு எடுறா!” முதல் கியர் சக்கரத்தை வெடுக்கென்று உதறும். இரண்டாவது கியர் தள்ளும். வழுக்குகிற இடத்தில் உதறினால் போச்சு.

கை இரண்டாவது கியருக்குப் போக வேண்டும். போகவில்லை! எத்தனை பாடுபட்டுப் பழக்கிய கை, அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் முதல் கியரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. கெரகம், பழகும்போது வராத புத்தி இப்போது வருகிறது. நினைத்துப் பாருங்கள், இது சரிப்படாமல் போய், அத்தனை ஜனத்துக்கு முன்னால் வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தால், என் ஆயுசுக்கும் நான் ‘செகண்ட் அக்கா’தான். பயந்தேன். பயந்துகொண்டே இழுத்துப் போட்டேன்.

எதிரே கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கின. பச்சை.

கிளட்சைப் பிடிக்கும் இடம் வரைக்கும் விட்டு, அங்கேயே நிறுத்தி, அடுப்பில் பால் பொங்கும்போது கரண்டியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் முனகியது. கிளட்ச் காந்தும் வாசம் மூக்கில் ஏறியது. வண்டி வழுக்காமல் மெதுவாக நகர்ந்தது. பக்கத்து வண்டி பொட்டென்று பாய்ந்து முன்னால் போய்விட்டது. ஜனங்கள் “ஐயோ” என்றது ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டது. நான் காலை அவசரப்படுத்தவில்லை. பின் சக்கரம் அந்தக் கழுவிய இடத்தைத் தாண்டிக் கறுப்பில் ஏறியதை இடுப்பில் உணர்ந்தேன். அப்போது விட்டேன் பாருங்கள் கிளட்சை, முழுசாக!

அப்புறம் அது நம் வண்டி. கோயம்புத்தூர்க்காரரின் பின் விளக்கு கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் காணாமல் போனது. நான் உள்ளே கத்திய கத்தலுக்குத் தொண்டை நான்கு நாள் கட்டிக்கொண்டது.

திரும்பி வந்து நிறுத்தியதும் பாய்தான் முதலில் வந்தார். ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குனிந்து, மெதுவாகக் கேட்டார்: “அக்கா, செகண்டுலயா எடுத்தீங்க?”

“கேட்டுச்சா பாய்?”

“யா அல்லா!” என்று சொல்லிவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஜில்லாவில் கிளட்சைக் காதால் கேட்கும் ஆள் அவர் ஒருத்தர்தான் என்பதை அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டேன்.

அதற்குள் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கையில் திருநீறு. “பாத்தீங்களா அம்மிணி! பாயிண்ட்டுல பூஜை போட்டது வீண் போகுமுங்களா?”

எனக்கு வந்ததே கோபம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியது நான், பேர் தேங்காய்க்கா? “பூஜையில்லீங்க, நான் ரெண்டாவது கியர்ல எடுத்தேனுங்க. அதனாலதான் வழுக்கல” என்று கத்தியேவிட்டேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. என் நெற்றியில் திருநீறைப் பூசிக்கொண்டே கேட்டார்: “செரிங்க சாமி. அந்த நேரத்துல ரெண்டாவது கியரப் போடுன்னு உங்களுக்குச் சொன்னது யாருங்க?”

நான் பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

“ஆட்டோமேட்டிக்காவது ஒண்ணாவது! இந்த வண்டிய நான் விக்க மாட்டேன், நீங்களும் எறங்கப்படாது” என்றார் முதலாளி. என் நெஞ்சு குளிர்ந்தது. சீட் எனக்கே. நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்: “இனி எங்க பந்தயம்னாலும் நானே நேர்ல வாரேனுங்க. பாயிண்ட்டக் கழுவித் தேங்கா ஒடைக்கறது என் பொறுப்பு.”

அதற்கப்புறம் நடந்த பேச்சுவார்த்தை தனிக் கதை. நான் முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் போதாதா என்றேன். “முன் சக்கரம் நசுக்குன சாறு மேலதானக்கா பின் சக்கரம் ஏறும்” என்று பாய் என் யோசனையின் தலையில் அடித்தார். கடைசியில் பாய்தான் முதலாளியைப் பக்குவமாக உட்காரவைத்துச் சொன்னார்: “மொதலாளி, நம்ம வண்டிய ஏத்திட்டு வர்ற லாரியிலேர்ந்து மொதமொத மண்ணுல எறங்குற எடந்தான் பாயிண்ட்டு. அங்க ஒடைங்க, எத்தன தேங்கா வேணும்னாலும்.” முதலாளி யோசித்தார். ரிக் மிஷினை இறக்குவது போலவே, லாரியிலிருந்து இறங்கும் இடம் என்றது அவருக்குப் பிடித்துப்போனது. இன்றைக்கும் அங்கேதான் உடைக்கிறார், நீங்களும் பிரசாதம் தின்கிறீர்கள்.

கியர் தண்டில் அந்தச் சிவப்புப் பொட்டு இன்னும் இருக்கிறது. பிய்க்கலாமா என்று பாயிடம் கேட்டேன். “இருக்கட்டும்க்கா, வண்டிய எடுக்குறப்ப யோசிச்சுட்டு எடுக்கணும்ல” என்றார். நீங்களும் பிய்க்காதீர்கள்.

எத்தனை ஆர்பிஎம் என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். உங்களுக்கு ஓர் எண் சொல்லித்தருவார்கள், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பழக்கத்தை மாற்றச் சொல்வார்கள், மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கோட்டுக்குப் போனதும் குனிந்து, கையை வைத்துத் தரையைத் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கட்டாயமாக. அடுத்த மாதப் பந்தயத்தில் இறுதிப் போட்டிக்கு வந்தீர்கள் என்றால் முதலாளிக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறும், மறுபடியும் கோட்டைக் கழுவக் கிளம்பிவிடுவார். அவர் மேல் ஒரு கண் வையுங்கள். தரையைத் தொடும்போது மஞ்சள் வாசம் வந்தால் பதறாதீர்கள், அவரைத் திட்டவும் திட்டாதீர்கள். எந்தக் கியர் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.